ரூட் கேனால் சிகிச்சை: நாற்காலியில் உட்காரும் முன் நீங்கள் கேட்கும் கேள்விகள்

நான் தெற்குத் தமிழ்நாட்டில் ஒரு சிறிய ஊரில் பல் மருத்துவர். என்னிடம் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி ரூட் கேனாலைப் பற்றியவைதான். வலியோடு உட்கார்ந்திருப்பவரிடம் பதில் சொன்னால் பாதிதான் மனதில் ஏறும். வீட்டுக்குப் போய் நிதானமாகப் படித்துக்கொள்ளட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் எல்லாம் நோயாளிகள் கேட்டவை, அவர்கள் கேட்ட விதத்திலேயே.

ரூட் கேனால் என்று என்னதான் செய்கிறீர்கள்?

பல் முழுக்கக் கெட்டியான கல் இல்லை. வெளியே வெள்ளையாகத் தெரிவது எனாமல். அதற்குள் சற்று மஞ்சளாக டென்டின். அதற்கும் உள்ளே நடுவில் ஒரு சின்ன அறை இருக்கிறது. அந்த அறையிலிருந்து வேரின் நுனி வரை மயிரிழை போன்ற குழாய்கள் இறங்குகின்றன. இந்தக் குழாய்க்குத்தான் ரூட் கேனால் என்று பெயர். அறையிலும் குழாயிலும் நிறைந்திருப்பது பற்கூழ்: ரத்தக் குழாயும் நரம்பும் சேர்ந்த மென்மையான சதை.

சொத்தை அந்த அறையை எட்டிவிட்டால் கிருமி உள்ளே புகுந்துவிடும். புகுந்த பிறகு அந்தச் சதை தானாகத் தேறுவதில்லை. அதனால் அதை எடுத்துவிட்டு, குழாய்களைக் கழுவிச் சுத்தம் செய்து, மறுபடி கிருமி நுழையாதபடி அடைத்து, மேலே கேப், அதாவது பல்லை மூடும் உறை, போடுகிறோம். பல் அதன் இடத்திலேயே இருக்கும்.

சும்மா அடைத்தால் போதாதா? எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

பல நேரம் போதும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீரென்று கூசி, சில நொடியில் அடங்கிவிட்டால் பற்கூழ் இன்னும் நன்றாக இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைத்துவிடலாம்.

சூடான காபி பட்டு, குடித்து முடித்து டம்ளரைக் கழுவி வைத்த பிறகும் வலி நின்றுகொண்டே இருந்தால் கதை வேறு. ஒன்றுமே படாமல் தானாக விண்விண்ணென்று தெறிப்பது, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுவது, எந்தப் பல் என்றே காட்டத் தெரியாமல் காது வரைக்கும் இழுப்பது, இவையெல்லாம் பற்கூழ் திரும்ப முடியாத கட்டத்துக்குப் போய்விட்டதைக் காட்டுபவை.

ராத்திரியில் ஏன் கூடுகிறது என்று எல்லாரும் கேட்பார்கள். கையில் அடிபட்டால் வீங்குகிறது, வீங்க இடமும் இருக்கிறது. பல்லுக்குள் நாலு பக்கமும் கெட்டிச் சுவர். வீக்கத்துக்குப் போக வழியில்லாமல் அழுத்தம் முழுவதும் நரம்பின் மேலேயே இறங்குகிறது. படுத்தால் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடுவதால் அந்த அழுத்தம் இன்னும் ஏறும். இரண்டு தலையணை வைத்துப் படுத்தால் கொஞ்சம் குறைவது அதனால்தான்.

சிலர் ஐஸ் தண்ணீர் பாட்டிலோடு வருவார்கள். ஒருமுறை ஒரு லாரி ஓட்டுநர் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்தார். வழி நெடுக ஒவ்வொரு வாய் தண்ணீராக அந்தப் பல்லின் மேல் நிறுத்தி, அது வெதுவெதுப்பானதும் துப்பிவிட்டு அடுத்த வாய். நாற்காலியில் சாய்ந்த பிறகும் பாட்டிலைக் கீழே வைக்க மனமில்லை. குளிர்ச்சி பட்டால் வலி அடங்குகிறது என்று ஒருவர் சொன்னால், எக்ஸ்ரே எடுக்கும் முன்பே எனக்குப் பாதி விடை தெரிந்துவிடும்.

மீதிப் பாதிக்குக் குளிர்ந்த பஞ்சை வைத்துப் பார்ப்போம், பல்லைத் தட்டிப் பார்ப்போம், எக்ஸ்ரே எடுப்போம். எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துவிட்டு ரூட் கேனால் என்று யாராவது சொன்னால், மற்ற சோதனைகளையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

போன வாரம் உயிர் போகிற வலி. இப்போது சுத்தமாக இல்லை. சரியாகிவிட்டதுதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விதான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பெரும்பாலும் சரியாகியிருக்காது. வலியைச் சொல்லிக்கொண்டிருந்த நரம்பு செத்துப்போயிருக்கும். தீ அணைந்ததால் மணி நிற்கவில்லை, மணியே எரிந்துபோய்விட்டது. கிருமிகளுக்கு இப்போது செத்த சதை உணவு. அவை மெதுவாக வேரின் நுனி வழியாக வெளியேறித் தாடை எலும்பை அரிக்கத் தொடங்கும். அதற்கு வாரங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். அந்தக் காலம் முழுக்க உங்களுக்கு ஒன்றுமே தெரியாது.

பிறகு ஒருநாள் கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் சற்று உயரமாக இருப்பதுபோல் தோன்றும். அல்லது ஈறில் பரு போல ஒன்று எழும்பும். அமுக்கினால் உப்புக்கரிப்பாக ஏதோ வரும், அப்புறம் அமுங்கிவிடும், பத்து நாளில் மறுபடி எழும்பும். அது சீழ் வடியும் வாய். வடிந்துகொண்டே இருப்பதால்தான் வலி இல்லை. "வலிதான் இல்லையே டாக்டர்" என்று ஆறு மாதம் ஓட்டிவிட்டு, கன்னம் வீங்கி ஒரு கண் மூடிய நிலையில் வருகிறவர்களை நான் வருடம் தவறாமல் பார்க்கிறேன். முன்பே வந்திருந்தால் ஒரு மணி நேர வேலையாக முடிந்திருக்கும்.

மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் போகாதா?

மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் ஓர் இடத்துக்குப் போய்ச் சேரும். செத்துப்போன பற்கூழுக்குள் ரத்த ஓட்டமே இல்லை. கிருமி இருக்கும் அறைக்குள் மாத்திரை நுழையாது. வேரைச் சுற்றியிருக்கும் வீக்கம் சற்று அடங்கலாம், மூலம் அப்படியே இருக்கும். நிறுத்திய சில வாரத்தில் திரும்பவும் வரும்.

வீக்கம் பரவினால், காய்ச்சல் இருந்தால், உடலில் எதிர்ப்புச் சக்தி குறைவாக இருந்தால் நாங்களே ஆன்டிபயாடிக் எழுதுவோம். அப்போதும் சிகிச்சைக்குத் துணையாகத்தான் எழுதுகிறோம். வெறும் பல் வலிக்கு அது வேண்டியதில்லை. போன தடவை மீந்த நாலு மாத்திரையைப் போட்டுக்கொள்வது, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று அதே பெயரை வாங்குவது, இரண்டும் வேண்டவே வேண்டாம். நாளைக்கு உண்மையிலேயே தேவைப்படும்போது அந்த மருந்து கேட்காமல் போய்விடும்.

கிராம்பு வைக்கலாமா?

வைக்கலாம். கிராம்பில் இருக்கும் யூஜினால் நரம்பைச் சற்று மரக்கச் செய்யும். பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் ஒரு கிராம்பு வாசனை அடிக்குமே, நாங்கள் தற்காலிகமாக அடைக்கும் சிமெண்டில் அதே யூஜினால்தான் கலந்திருக்கிறது. ஆனால் கிராம்பு எண்ணெய் என்றால் பஞ்சில் தொட்டு ஒரு சொட்டு போதும். ஊற்றினால் ஈறு வெந்துவிடும்.

ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் அடக்கி வைக்காதீர்கள். அது அமிலம், அந்த இடத்துச் சதை வெள்ளையாக உரிந்து வரும். புகையிலை, மூக்குப்பொடி வைப்பதும் வேண்டாம். கன்னம் வீங்கியிருக்கும்போது வெளியே சூடான ஒத்தடம் கொடுக்காதீர்கள். குளிர்ந்த துணி ஒத்தடம் கொடுக்கலாம், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம்.

பல்லில் பூச்சி இருக்கிறது, புகை போட்டால் விழுந்துவிடும் என்கிறார்கள்.

கண்டங்கத்திரி விதையைச் சுட்டு அந்தப் புகையை வாயில் பிடிக்கும் வழக்கத்தைத்தான் சொல்கிறார்கள். என் பாட்டியும் அதை நம்பினார். "பூச்சிப்பல்" என்று சொல்லிச் சொல்லியே நமக்கு அது பூச்சியாகிவிட்டது. இத்தனை வருடத்தில் ஒரு பல்லுக்குள்ளும் நான் புழுவையோ பூச்சியையோ பார்த்ததில்லை. சொத்தை என்பது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் தின்று வெளிவிடும் அமிலம் செய்கிற வேலை. புகை அதை ஒன்றும் செய்யாது.

நரம்பை எடுத்தால் மூளைக்கு, கண்ணுக்கு ஏதாவது ஆகுமா? மேல் பல்லில் கை வைத்தால் பார்வை போய்விடும் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே.

ஆகாது. பார்வைக்கான நரம்பு மூளையிலிருந்து வரும் இரண்டாவது நரம்பு. பல்லுக்கு உணர்ச்சி தருவது ஐந்தாவது நரம்பின் கிளை. இரண்டும் தனித்தனி வழி. நாங்கள் எடுப்பதும் பல்லுக்குள் இருக்கும் நூலிழை அளவுச் சதையை மட்டும்தான், தாடையில் ஓடும் பெரிய நரம்பைத் தொடுவதில்லை.

இந்த பயத்தால் மேல் பல்லை அப்படியே விட்டுவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. மேல் கோரைப்பல்லின் வேரில் சேரும் சீழ் கண்ணுக்குக் கீழே வீங்கி, கண்ணையே மூடிவிடும். கண்ணுக்கு ஆபத்து என்று பயந்து தள்ளிப்போட்டவர்களுக்குத்தான் கண் வீங்குகிறது.

வலிக்குமா?

மரத்துப்போக ஊசி போட்ட பிறகுதான் தொடங்குவோம். பெரும்பாலானவர்களுக்கு ஊசி குத்தும் அந்தச் சில நொடிகள்தான் வலி. ஊசி மருந்தில் அட்ரினலின் கலந்திருந்தால் ஒரு நிமிடம் நெஞ்சு படபடக்கும், பயப்பட வேண்டாம், அடங்கிவிடும்.

ஆனால் எல்லாருக்கும் எப்போதும் வலியே இருக்காது என்று சொன்னால் அது பொய். கீழ்க் கடைவாய்ப் பல் கடுமையாக வீங்கி, நான்கு நாள் தூங்காமல் வருகிறவருக்கு முதல் ஊசி சில நேரம் முழுசாக ஏறாது. வீங்கிய சதை அமிலத்தன்மையோடு இருப்பதும், நரம்பு ஏற்கெனவே கொதித்துப்போயிருப்பதும் மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும். அதற்கு வழியில்லாமல் இல்லை. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் ஓர் ஊசி, தேவைப்பட்டால் பற்கூழுக்குள்ளேயே ஓர் ஊசி என்று கூடுதலாகப் போடலாம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வலித்தால் இடது கையைத் தூக்குங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டாம். கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டியது மருத்துவரின் கடமை. வலி தொடங்கிய முதல் வாரத்திலேயே வந்தால் ஊசி நன்றாக ஏறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு என்னென்ன நடக்கும்?

ஊசி போட்டு உதடு தடித்ததுபோல ஆனதும், அந்தப் பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் விரிப்பை மாட்டுவோம். ரப்பர் டேம் என்பார்கள். 1864இல் நியூயார்க்கில் சான்ஃபோர்ட் பார்னம் என்ற பல் மருத்துவர் கொண்டுவந்தது. எச்சில் பல்லுக்குள் போகாது, எங்கள் மருந்தோ சின்னக் கருவியோ உங்கள் தொண்டைக்குள் போகாது. முதல் ஐந்து நிமிடம் மூச்சு முட்டுவதுபோல் இருக்கும், மூக்கால் மெதுவாக மூச்சு விட்டால் பழகிவிடும். உங்கள் மருத்துவர் இதைப் பயன்படுத்துகிறாரா என்று தாராளமாகக் கேளுங்கள். நான் ஒரு மருத்துவரை எடைபோடுவது என்றால் அவரிடம் இருக்கும் மிஷின்களை விட இந்த ரப்பர் துண்டைத்தான் பார்ப்பேன்.

அப்புறம் பல்லின் மேல்பக்கம் துளைத்து அறையைத் திறந்து, குழாய்களின் வாயைத் தேடுவோம். முன் பல்லில் பெரும்பாலும் ஒன்றுதான். கீழ்க் கடைவாய்ப் பல்லில் மூன்று அல்லது நான்கு. மேல் முதல் கடைவாய்ப் பல்லில் வேர் மூன்றுதான், குழாய் பெரும்பாலும் நான்கு. அந்த நான்காவது மறைந்துகொண்டு இருக்கும், அதைத் தவறவிட்டால் பின்னால் தொல்லை. பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரே இடத்தை நாங்கள் கால் மணி நேரம் நோண்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அதைத்தான் தேடுகிறோம்.

உள்ளே இறக்கும் ஊசி போன்ற கருவிக்கு ஃபைல் என்று பெயர். 10ஆம் எண் ஃபைலின் நுனி 0.10 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு தலைமுடி. அதில் தொடங்கிப் படிப்படியாக அகலப்படுத்துவோம். குழாயின் நீளத்தை எக்ஸ்ரேயாலும், உதட்டில் ஒரு கொக்கி மாட்டிப் பீப் பீப் என்று சத்தம் போடும் கருவியாலும் அளப்போம். நடுநடுவே ஒரு பிளீச் வாசனை வரும். சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கரைசலால் கழுவுகிறோம். ஃபைல் எட்டாத கிளைக் குழாய்களில் இருக்கும் சதையைக் கரைப்பதும் கிருமியைக் கொல்வதும் இதுதான். அவசரப்பட்டுக் குறைத்துவிடக் கூடாத வேலை இது.

கடைசியில் குழாய்க்குள் இளஞ்சிவப்பு நிறத்தில் மெல்லிய குச்சிகளை வைத்து அடைப்போம். கட்டாபெர்ச்சா என்று பெயர், தென்கிழக்கு ஆசியாவில் வளரும் ஒரு மரத்தின் பால். 1858இல் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் போட்ட முதல் தந்திக் கம்பிக்கும் கடல் தண்ணீர் புகாமல் இதைத்தான் சுற்றினார்கள். உடம்போடு சண்டை போடாது, சூடு காட்டினால் இளகும், நாளைக்குத் தேவைப்பட்டால் வெளியே எடுக்கவும் முடியும்.

ஒரே நாளில் முடியாதா?

முடியும், பற்கூழ் உயிரோடு இருந்து வீக்கமோ சீழோ இல்லாவிட்டால். சீழ் வடிந்துகொண்டே இருந்தால் உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை வைத்து ஓரிரு வாரம் விட்டு மறுபடி வரச் சொல்வோம். ஒரே நாளில் முடித்தால் திறமைசாலி, மூன்று தடவை அலைக்கழித்தால் காசு பிடுங்குகிறார் என்று நினைக்காதீர்கள்.

வலி போய்விட்டது. கேப் கட்டாயம் போட வேண்டுமா?

முன் பல்லாக இருந்து, பெரும்பகுதி உடையாமல் இருந்தால் சில நேரம் வெறும் அடைப்பே போதும். கடைவாய்ப் பல்லுக்குக் கட்டாயம்.

சொத்தையும் நாங்கள் போட்ட துளையும் சேர்ந்து பல்லின் நடுப்பகுதியே போய்விட்டது. சுற்றிலும் சுவர் மட்டும் நிற்கிற, கூரையில்லாத வீடு அது. முறுக்கைக் கடிக்கும் விசை அந்தச் சுவர்களை இரண்டு பக்கமும் பிளக்கும். கேப் அந்தச் சுவர்களைச் சேர்த்துக் கட்டிவைக்கும் பட்டை.

தையல் வேலை செய்யும் ஓர் அக்கா என்னிடம் வந்தார். மூன்று தடவை ஒழுங்காக வந்து ரூட் கேனாலை முடித்தார். வலி போனது. கேப்புக்கு அளவெடுக்க வர வேண்டிய வாரம் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம், அடுத்து ஒரு கல்யாணம், அப்படியே எட்டு மாதம் போய்விட்டது. திரும்பி வந்தபோது ஒரு கைக்குட்டையை விரித்தார். உள்ளே பல்லின் பாதி. பொட்டுக்கடலைக்குள் ஒரு கல் இருந்திருக்கிறது. மீதிப் பாதி வேர் வரை பிளந்திருந்தது, பிடுங்குவதைத் தவிர வழியில்லை. உள்ளே நான் அடைத்த நான்கு குழாயும் எக்ஸ்ரேயில் அழகாகத் தெரிந்தன. அந்த எக்ஸ்ரேயை இன்னமும் என்னால் மறக்க முடியவில்லை. பணம் இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தவணையில் போட்டிருப்பேன். கேட்காமல் விட்டது என் தப்பும்தான். அதற்கப்புறம் முதல் நாளே கேப் உட்பட மொத்தச் செலவையும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ரூட் கேனால் செய்த 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பற்களின் காப்பீட்டுப் பதிவுகளைப் பார்த்தார்கள். எட்டு வருடம் கழித்தும் 97 சதவீதப் பற்கள் வாயிலேயே இருந்தன. பிடுங்க வேண்டி வந்த பற்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், அவற்றில் 85 சதவீதம் முழு கேப் போடாதவை.

தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்குத்தான். அது தேய்ந்து எச்சில் உள்ளே கசிந்தால் கழுவிய குழாய்க்குள் மறுபடி கிருமி. முடிந்தால் ஒரு மாதத்துக்குள் கேப்பைப் போட்டுவிடுங்கள்.

எந்த கேப் நல்லது?

கடைசிக் கடைவாய்ப் பல்லுக்கு உலோக கேப்பே நன்றாக உழைக்கும், விலையும் குறைவு. சிரித்தால் தெரியும் இடத்துக்கு உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது, அல்லது ஜிர்கோனியா என்ற உலோகமில்லாத கெட்டி வெள்ளைப் பீங்கான். விலையைவிட ஓரம் ஈறோடு சரியாகப் பொருந்துகிறதா என்பது முக்கியம்.

இவ்வளவு எதற்கு, பிடுங்கிவிட்டால் என்ன?

சில பற்களைப் பிடுங்குவதுதான் சரி. வேர் நெடுக்காகப் பிளந்தது, ஈறு நோயால் ஆடுகிறது, கோணலாக முளைத்த ஞானப்பல், இதற்கெல்லாம் ரூட் கேனால் வேண்டாம் என்று நானே சொல்வேன்.

மற்றபடி, ஒரு கடைவாய்ப் பல் போனால் பக்கத்துப் பல் அந்தச் சந்தில் சாயும், எதிர்ப்பக்கப் பல் இறங்கும், நடுவில் சோறு மாட்டும், அங்கே புதுச் சொத்தை. காலி இடத்தை நிரப்பப் பாலம் கட்டினால் இரண்டு பக்கமும் உள்ள நல்ல பற்களைச் சீவ வேண்டும். இம்பிளான்ட், அதாவது எலும்பில் திருகாணி பதித்து அதன் மேல் செயற்கைப் பல், வைத்தால் ரூட் கேனாலும் கேப்பும் சேர்ந்த செலவைவிடக் கூடும். சொந்த வேரைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது, சோற்றில் ஒரு சின்னக் கல் கிடந்தாலும் பல் சட்டென்று உணர்வது அதனால்தான். ரூட் கேனால் செய்த பல்லிலும் அந்த உணர்வு அப்படியே இருக்கும்.

எவ்வளவு செலவாகும்?

ஊருக்கு ஊர், பல்லுக்குப் பல் மாறும். நம் பக்கத்துத் தனியார் மருத்துவமனைகளில் சில ஆயிரம் ரூபாயில் தொடங்கும், கேப் தனி. தொடங்கும் முன்பே இரண்டையும் சேர்த்து எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

கையில் பணம் இல்லை என்பதற்காகச் சிகிச்சையை விட வேண்டியதில்லை. சென்னையில் கோட்டை ரயில் நிலையம் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளியே ஆவதைவிடக் கட்டணம் குறைவு. அங்கே மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் ஒவ்வொரு கட்டத்தையும் வந்து பார்ப்பார். நேரம் அதிகமாகும், நான்கைந்து தடவை போக வேண்டியிருக்கும். ஆனால் வேலை ஒழுங்காக நடக்கும். நானும் அப்படி ஒரு நாற்காலியின் பக்கத்தில் நின்றுதான் கற்றுக்கொண்டேன்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் சாப்பிடுகிறேன்.

இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண் ஆற நாளாகும். அதே சமயம், வாயில் சீழ் இருக்கும் வரை சர்க்கரையும் இறங்க மறுக்கும். "சர்க்கரை குறையட்டும், அப்புறம் பல்" என்று மாதக்கணக்கில் தள்ளினால் இரண்டுமே குறையாது. காலையில் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாருங்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டாம்.

ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரூட் கேனாலில் ரத்தப்போக்கு மிகக் குறைவு, பல்லைப் பிடுங்குவதை விட உங்களுக்கு இதுதான் பாதுகாப்பு. எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ சோலெட்ரோனிக் அமிலம் போன்ற ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் அப்படித்தான்: பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. இதயத்தில் செயற்கை வால்வு இருந்தால் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் மறைக்காதீர்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன்.

நான்காவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை வசதியான காலம். வலியும் சீழும் இருந்தால் எந்த மாதமானாலும் காத்திருக்க வேண்டாம், காய்ச்சலும் தூக்கமில்லாத இரவுகளும் குழந்தைக்கு நல்லதில்லை. பல்லுக்கு எடுக்கும் ஒரு சின்ன எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு, நாம் சும்மா இருந்தாலும் இயற்கையிலிருந்து ஒரு நாளில் நம் மேல் படும் அளவைத் தாண்டாது. மரக்கும் ஊசியும் போட்டுக்கொள்ளலாம். வலி மாத்திரையை மட்டும் உங்கள் மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

ஐந்து வயதுக் குழந்தை. விழப்போகிற பால் பல்லுக்கு எதற்கு ரூட் கேனால்?

முன் பால் பற்கள் ஆறு ஏழு வயதில் விழுந்துவிடும், சரி. கடைவாய்ப் பால் பற்கள் பத்து பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. அவைதான் கீழே வரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கின்றன. அதனால் குழந்தைகளுக்கும் இதே சிகிச்சையைச் சுருக்கமாகச் செய்வோம். பால் பல்லின் வேர் கரையும்போது சேர்ந்து கரைந்துவிடும் பசையை உள்ளே வைப்போம்.

இதோடு ஒன்று சொல்ல வேண்டும். ஆறு வயதில், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு புதுப் பல் முளைக்கும். ஒன்றும் விழாததால் அதையும் பால் பல் என்றே பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். அது ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய முதல் கடைவாய்ப் பல். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நான் ரூட் கேனால் செய்வது பெரும்பாலும் இந்தப் பல்லுக்குத்தான். இன்றைக்கு ராத்திரி உங்கள் பிள்ளையை வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள்.

ரூட் கேனால் செய்தால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

இந்தக் கதைக்கு நூறு வயது. 1920களில் வெஸ்டன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், ரூட் கேனால் செய்த பற்களை முயல்களின் தோலுக்கடியில் வைத்துப் பார்த்துவிட்டு, இந்தப் பற்கள் உடம்பெல்லாம் நோய் பரப்புகின்றன என்றார். அந்தச் சோதனைகளில் கிருமி நீக்கமும் சரியில்லை, ஒப்பீடும் சரியில்லை. பின்னால் மற்றவர்கள் ஒழுங்காகச் செய்து பார்த்தபோது அந்த முடிவு நிற்கவில்லை. அதற்குள் எத்தனையோ பேருடைய நல்ல பற்கள் வீணாகப் பிடுங்கப்பட்டுவிட்டன. ரூட் கேனால் புற்றுநோயைத் தருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை.

முடிந்த பிறகு என்ன சாப்பிடலாம்? வலி இருக்குமா?

உதடு மரத்திருக்கும் இரண்டு மூன்று மணி நேரம் எதையும் மெல்லாதீர்கள். தெரியாமல் கன்னத்தையே கடித்துவிடுவீர்கள், சூடான காபி நாக்கைச் சுட்டாலும் தெரியாது. குழந்தை என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் இட்லி, ரசம் சாதம், தயிர் சாதம் எல்லாம் சாப்பிடலாம், மறுபக்கத்தில் மென்று.

இரண்டு மூன்று நாள் கடித்தால் வலிப்பது வழக்கம்தான். பாராசிட்டமால் பெரும்பாலும் போதும். ஐபுப்ரோபென் இன்னும் நன்றாகக் கேட்கும், ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்கள் கேட்காமல் போடக் கூடாது. நாள் போகப் போக வலி கூடினால் வந்து காட்டுங்கள். பல நேரம் அடைப்பு ஒரு துளி உயரமாக இருப்பதுதான் காரணம், சீவிவிட்டால் அன்றைக்கே சரியாகும்.

கேப் போடும் வரை அந்தப் பக்கம் முறுக்கு, தட்டை, நல்லி எலும்பு வேண்டாம். பொங்கல் நேரமாக இருந்தால் கரும்பும் வேண்டாம். தை மாதம் முதல் வாரம் பல் உடைந்து வருகிறவர்கள் கூட்டம் எனக்குப் பழக்கமானது.

செய்த பல் மறுபடி வலித்தால்?

சில நேரம் நடக்கும். தவறவிட்ட குழாய், கசிந்த அடைப்பு, நுண்ணிய விரிசல், கேப்பின் ஓரத்தில் புதுச் சொத்தை என்று காரணம் ஏதாவது இருக்கும். பழைய அடைப்பை எடுத்துவிட்டு மறுபடி செய்யலாம். அதிலும் தீராவிட்டால் ஈறைத் திறந்து வேரின் நுனியை மட்டும் வெட்டி எடுக்கும் சிறிய அறுவை சிகிச்சை இருக்கிறது. இப்படிப்பட்ட பல்லுக்கு, ரூட் கேனாலில் தனியாக மூன்று வருடம் மேற்படிப்புப் படித்தவரிடம் போவது நல்லது.

நரம்பு இல்லாத பல்லில் சொத்தை விழுந்தால் கூசாது. அதனால் வலிக்காவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள்.

எப்போது விடியும் வரை காத்திருக்கக் கூடாது?

வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துப்பக்கம் இறங்கினால், நாக்கு மேலே தூக்கிக்கொண்டு எச்சில் விழுங்க முடியாவிட்டால், வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்காவிட்டால், மூச்சு விடச் சிரமமாக இருந்தால், அல்லது கண் வீங்கி மூடிக் கடும் காய்ச்சல் இருந்தால், பல் மருத்துவரைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். 108ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சீழ் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடிய நிலை அது.

கேப் கழன்று கையோடு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, எங்கேயும் திறந்திருக்காது.

பதற வேண்டாம். கேப்பைக் கழுவி ஒரு சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள், காகிதத்தில் மடித்தால் குப்பையோடு போய்விடும். கடையில் விற்கும் உடனடிப் பசையால் நீங்களே ஒட்டாதீர்கள், ஈறு வெந்துவிடும், கேப்பும் கோணலாக உட்கார்ந்துவிடும். மென்மையான பிரஷால் அந்தப் பல்லைச் சுத்தமாக வைத்து, மறுபக்கத்தில் சாப்பிடுங்கள். திங்கட்கிழமை டப்பாவோடு வாருங்கள். உள்ளே பல் நன்றாக இருந்தால் அதே கேப்பைக் கால் மணி நேரத்தில் ஒட்டிவிடலாம்.